குறி பயில்வார்க்கு எளிய இலக்குத் தாங்கி

துப்பாக்கி கொண்டு குறி பயிலுங் கலைக்கு மூன்று பொருள்கள் இன்றியமையாதன. அவை சுடுங் கருவி, சுடப்படும் இலக்கு, சுட்ட குண்டு சென்று அடங்குங் கரை என்பன. இவற்றுள் முதலாவதைப் பற்றிப் பேசுவோர் பலர். மாணாக்கர் நால்வர் கூடினால் துப்பாக்கியின் பெயரையும் நீளத்தையும் எடையையும் அடுக்கடுக்காக எடுத்துரைப்பர். மூன்றாவதைப் பற்றிப் பயிற்சி ஆசிரியர் கடிந்து கூறக் கேட்டிருப்பர். இடையிலுள்ள இலக்கையும், அதனைத் தாங்கி நிற்குஞ் சட்டத்தையும் பொருட்படுத்துவாரோ மிகச் சிலர். இரண்டு கழிகளும் ஓர் அட்டையுந்தானே, இதில் கற்பதற்கு என்ன இருக்கின்றது என்பது பொதுக் கருத்து. அக்கருத்துச் சரியன்று என்பதையும், அவ்விரண்டு கழிகளைச் செவ்வையாக அமைத்துக்கொள்ளாமையால் நம் பக்கத்து இளைஞர் பலர் பயிற்சியையே இழந்து நிற்கின்றனர் என்பதையும் இங்கே ஒருவாறு எழுத முற்பட்டோம்.

போச்சம்பள்ளி என்றவுடன் அயலூரார் பட்டுப் புடவையை நினைப்பர். அது தெலங்கானத்தைச் சேர்ந்த வேறோர் ஊர். 1951-ல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கிய இடமும் அதுவே. நாம் கூறும் போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தது. பழைய பாராமகால் நாட்டின் ஒரு பகுதியாய், பின்னர்ச் சேலம் ஜில்லாவிலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபொழுது அதனோடு சேர்ந்தது. ஞாயிறுதோறுங் கூடும் ஆட்டுச் சந்தை, பாரூர்ப் பெரிய ஏரி, மாங்கன்று வளர்த்து விற்குஞ் சந்தூர், அண்மைக்காலத்திற் பெருகிய சிப்காட் தொழிற்சாலைகள் ஆகியவற்றால் இவ்வட்டாரம் பெயர்பெற்றது. இவற்றோடு தமிழ்நாடு சிறப்புக் காவற்படையின் ஏழாம் அணியும் இவ்வூரிலேயே தங்கியிருக்கின்றது. ஊரார் அதனைப் பட்டாலியன் என்றே கூறுவர். ஆயுதந் தாங்கிய படையாளர்க்கு வேண்டும் இடமும் கரையும் சட்டமும் அமைத்துக் கொடுக்க அரசாங்கம் இருக்கின்றது. அதே மண்ணில் வாழும் கல்லூரி மாணாக்கனுக்கும் மாணாக்கிக்கும் அவற்றை அமைத்துக் கொடுப்பார் யார்? ஆசிரியரும் அவர்களுமே கூடி அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

கல்லூரி மாணாக்கர் துப்பாக்கி பயில்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1917-ல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் படைப்பிரிவுகள் தோன்றின. 1920-ல் அவை பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்னும் பெயர் பெற்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், அதிகாரிகளைப் பயிற்றும் படையாக மாற்றியமைக்கப்பட்டன. 1946-ல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு ஆராய்ந்து கூறியதன்மேல், 1948 ஜூலை 15-ல் தேசிய மாணவர் படை தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே மாணாக்கியர்க்கும் அதில் இடம் கிடைத்தது. 1951-ல் மக்களவையின் முதற் சபாநாயகர் மவலங்கர் முயற்சியால் தேசிய ரைபிள் சங்கம் பிறந்தது. அரை நூற்றாண்டிற்கு மேற்பட்ட இவ்வுழைப்பின் பயனாக 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியர் ஒருவர் தனிப் போட்டியில் வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. சென்னையிற் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் பெற்றார். கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் பெற்றார். ஆதலின் இக்கலை தமிழ் மக்களின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாதது என்று எவரும் சொல்லவியலாது.

எட்டாதிருப்பது செலவே. உலகப் போட்டிகளில் இப்பொழுது காகித இலக்கு இல்லை. குண்டு புகுந்த இடத்தை நுட்பமான கருவிகள் கணித்து, சுட்டவர் பக்கத்திலுள்ள திரையில் அக்கணமே காட்டுகின்றன. இத்தகைய மின்னணு இலக்கு ஒன்றின் விலை கேட்டால் கிராமக் கல்லூரியின் விளையாட்டு நிதி வாய் மூடிக்கொள்ளும். மாணவர் படையிற் சேர்ந்தோர்க்கோ முகாமிற் கிடைக்கும் ரவைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அச்சில ரவைகளைச் சுடும் அரை மணி நேரத்தில் ஒருவனுடைய கை உறுதியுடையதா, கண் கூரியதா என்று யார் தெளிந்து சொல்ல இயலும்? முதல் முறை ஓசைக்கு அஞ்சிக் கண்ணை மூடிய பெண், மறு முறை வாய்ப்பிருந்தால் முதல்வியாகவும் ஆகக்கூடும். அம்மறு முறை அவளுக்குக் கிடைப்பதில்லை. திறமை இல்லாமையால் இழப்பவரினும், திறமை உண்டா என்று பார்க்கப்படாமலே இழப்பவரே மிகுதி என்பது எமது துணிபு.

இக்குறையை ரவையின்றியே பெரும்பாலும் நீக்கலாம். அதற்கு வேண்டுவது மாணாக்கர் கையாலேயே செய்யத்தக்கதும், விடுதித் தாழ்வாரத்திலும் மைதானத்திலும் எடுத்து வைக்கத்தக்கதுமான ஒரு தாங்கி. படையில் இதனை டார்கெட் ஸ்டாண்டு என்பர்.

ரவையில்லாப் பயிற்சிகளுள் பழமையான ஒன்றை முதலிற் கூறுவோம். வெறுந் துப்பாக்கியை, அது வெற்றே என்று இருவர் திறந்து பார்த்த பின்னர், மணல் மூட்டைகளின்மேல் அசையாதபடி படுக்கவைக்க வேண்டும். பத்து மீட்டர் தொலைவில் தாங்கியில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். அதன் அருகில் ஒரு தோழன் நடுவே துளையிட்ட சிறு கறுப்பு வட்டத் தகட்டை ஏந்தி நிற்பான். பயில்பவன் துப்பாக்கியைத் தொடாமல், அதன் பின் படுத்து, பார்வைக் குறிகளின் வழியே நோக்கி, வலம், இடம், மேல், கீழ் என்று கையசைவாற் காட்டத் தோழன் தகட்டை நகர்த்துவான். குறி பொருந்தியது என்றவுடன் துளையின் வழியே பென்சிலால் ஒரு புள்ளி இடுவான். இவ்வாறு மும்முறை செய்ய மூன்று புள்ளிகள் கிடைக்கும். துப்பாக்கி நகரவில்லையாதலின், பயில்பவனுடைய பார்வை மும்முறையும் ஒரே வகையாக இருந்தால் மூன்றும் ஓரிடத்தில் விழவேண்டும். அவை அகன்று முக்கோணமானால் அம்முக்கோணத்தின் அளவே அவன் பார்வைப் பிழையின் அளவு. ஒரு நாழிகையில் பத்துப் பேரைச் சோதிக்கலாம். செலவு ஒரு தாளும் பென்சில் முனையுமே. ஆனால் அத்தாள் ஆடலாகாது. தாங்கி ஆடினால் முக்கோணம் மாணாக்கன் மேல் பொய் சொல்லும்.

தோழனை நிறுத்தும் இப்பயிற்சியை மட்டும் ஆசிரியர் முன்னிலையிலேயே நடத்துக. துப்பாக்கியின் எதிரில் மனிதனை நிறுத்தும் பழக்கம் எவ்வகையிலும் எளிதாகிவிடலாகாது. சுடும் துப்பாக்கிக்குப் பதிலாக மரத்தாற் செய்து பார்வைக் குறிகள் பொருத்திய கட்டையையே வைத்துக்கொண்டால் இன்னும் நன்று.

இரண்டாவது, சிறிதாக்கிய இலக்கு. 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 112.4 மி.மீ. அவ்வளவு நீண்ட இடம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஒப்புமையுள்ள முக்கோணங்களைக் கணக்கு வகுப்பிற் படித்தவர் இதற்கு வழி அறிவர். தொலைவு ஐந்திலொன்றானால் வட்டமும் ஐந்திலொன்று. ஆகவே 10 மீட்டரில் 22.5 மி.மீ. வட்டம் ஒன்றைக் கறுப்பு மையால் வரைந்து வைத்தால், 50 மீட்டரில் உள்ள இலக்குக் கண்ணுக்கு எவ்வளவாகத் தோன்றுமோ அவ்வளவாகவே அது தோன்றும். 25 மீட்டர் இடமிருப்பின் 56.2 மி.மீ. வட்டம் வேண்டும். காற்றுத் துப்பாக்கிக்குரிய 10 மீட்டர் இலக்கோ 30.5 மி.மீ. கறுப்பு உடையது. அதன் நடுவிலுள்ள பத்தாம் எண்ணுக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டரே. கடுகினும் மிகச் சிறிது. தாங்கியின் உயரமும் விதியால் வரையறுக்கப்பட்டதே. 10 மீட்டர் இலக்கின் நடு தரையிலிருந்து 1.40 மீட்டரிலும், 50 மீட்டர் இலக்கின் நடு 0.75 மீட்டரிலும் இருத்தல் வேண்டும். ஆகவே நம் தாங்கி இவ்விரு உயரங்களுக்கும் இசைய வேண்டும்.

இனி அமைப்பு. இதில் மனத்திற் கொள்ளத்தக்க கருத்து ஒன்றே. குண்டு படாத அடிப்பகுதி நிலைத்திருப்பது, குண்டு படக்கூடிய மேற்பகுதி அழிவது. இரண்டையும் ஒரே பொருளாகச் செய்பவர் மாதந்தோறும் முழுத் தாங்கியையும் புதிதாகச் செய்ய நேரும். தனித்தனியாகச் செய்பவர் கழியை மட்டும் மாற்றிக்கொள்வர்.

அடிக்கு இரண்டு அடி நீளமும், மூன்று அங்குல அகலமும், இரண்டு அங்குலக் கனமும் உள்ள கட்டைகள் இரண்டு வேண்டும். இவையே பாதங்கள். சுடுபவரை நோக்கி முன்னும் பின்னுமாக நீண்டு கிடக்கவேண்டும். ஒவ்வொரு பாதத்தின் நடுவிலும், இரு புறமும் ஆறங்குல உயரப் பலகைத் துண்டுகளை அறைந்து, நடுவே ஒரு கழி செருகத்தக்க பை போன்ற இடத்தை அமைக்க. இரு பாதங்களையும் ஒரு குறுக்குச் சட்டம் சேர்க்கும். இதனை ஆணியால் அறையாமல் போல்ட்டும் விங் நட்டும் இட்டு முடுக்கினால், பயிற்சி முடிந்ததும் கையாலேயே கழற்றிக் கட்டிக்கொள்ளலாம். இரும்பு இவ்விடத்தோடு நிற்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஒரு போல்ட்டும் ஆகாது. குண்டு இரும்பிற் பட்டால் எத்திசையில் திரும்பும் என்று எவராலும் உறுதி கூறவியலாது.

நிமிர்ந்து நிற்குங் கழிகளுக்குத் தச்சர் ரீப்பர் என்று வழங்கும் ஒன்றுக்கு இரண்டங்குலச் சட்டமே தக்கது. மர அறுவை மில்லில் நீளங் குறைந்தமையால் தள்ளுபடியாகக் கிடக்குந் துண்டுகள் நமக்குப் போதும். ஐந்தடியுள்ள ஓர் இணையை நின்று சுடுவதற்கும், மூன்றடியுள்ள ஓர் இணையைப் படுத்துச் சுடுவதற்கும் வைத்துக்கொள்க. பையிற் செருகி ஒரு மர ஆப்பு அடித்தால் அசையாது. மூங்கில் எளிதிற் கிடைக்குமே என்பர் சிலர். மூங்கில் அடிபட்டால் நெடுக வெடித்துக் கத்தி போன்ற சிலாம்புகளைக் காட்டும். கழற்றுபவர் கையைக் கிழிக்கும். பி.வி.சி. குழாயும் அவ்வாறே. வெயிலில் நாளடைவில் நொறுங்குந் தன்மையை அடைந்து, குண்டு பட்டவுடன் சில்லுகளாகச் சிதறும். ரீப்பரோ குண்டு துளைத்த இடத்தில் ஒரு துளையை மட்டும் ஏற்றுக்கொண்டு நிற்கும். முழுத் தாங்கியும் ஆறு கிலோ எடைக்கு உட்பட்டே இருக்கும். ஒருவர் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

இரண்டு கழிகளுக்கும் இடையே ஒன்றேகால் அடி இடைவெளி விட்டு, ஒன்றரை அடிச் சதுர அட்டையைத் துணிக் கிளிப்புகளால் பிடிக்கவைக்க. அட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. தொழிற்சாலைகளுக்கு உறுப்புகள் வந்திறங்கும் பெட்டிகள் பழைய சாமான் கடைகளில் மலைபோற் குவிகின்றன. மூன்றடுக்கு அட்டையினும் ஐந்தடுக்கு அட்டை நன்று. இலக்குத் தாளை அதன்மேல் தளர்வின்றி ஒட்டவேண்டும். பின்னே அழுத்தமான அட்டை இருந்தால் துளை வட்டமாக விழும். தாள் தொங்கினால் அது கிழியும். கிழிந்த துளையில் எண் இன்னதென்று இருவர் வழக்காடுவர். ஒட்டுதற்கு மைதாப் பசையே போதும். சுட்ட துளைகளைச் சிறு காகித ஒட்டுகளால் மூடி, ஓர் அட்டையைப் பலமுறை பயன்படுத்தலாம். நடுப்பகுதி சல்லடையானபின் அதனை மட்டும் ஒரு சாண் சதுரமாக அறுத்தெடுத்து வேறு துண்டு பின்புறம் ஒட்டுவது இன்னும் சிக்கனம்.

அட்டையை ஏன் சிறிதாகச் சொன்னோம் என்று கேட்கலாம். பெரிய அட்டையில் நான்கு இலக்குகளை ஒட்டலாமே என்பது இயற்கையான எண்ணம். விடை காற்றில் இருக்கின்றது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் மக்கள் வாக்கு. அட்டை எம்மாத்திரம்? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று ஒன்றரை அடிச் சதுரத்தை ஏறக்குறைய ஒரு கிலோ எடையின் அளவாகத் தள்ளும். அத்தள்ளல் 1.40 மீட்டர் உயரத்தில் நிகழ்கின்றது. பாதமோ நடுவிலிருந்து 30 செ.மீ. மட்டும் நீள்கின்றது. நெம்புகோற் கணக்கின்படி தாங்கி சாயாமலிருக்க ஏறக்குறைய நாலேமுக்காற் கிலோ எடை வேண்டும். நம் தாங்கி ஆறு கிலோவாதலின் நிற்கும். இரண்டடிக்கு மூன்றடி அட்டையானால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். ஆகவே அது கவிழும். மேலும் காற்றின் வேகம் இருமடங்கானால் தள்ளல் இருமடங்காவதன்று, நான்மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வீச்சு வந்தால் நம் சிறு அட்டைக்கே பத்தொன்பது கிலோ வேண்டும். அத்தகைய நாளில் ஒவ்வொரு பாதத்தின் மேலும் ஏழு கிலோ மணல் மூட்டை ஒன்று இடுக. பழைய சாக்குப் பையில் அங்குள்ள மண்ணையே நிரப்பி, முடிந்தவுடன் கொட்டிவிட்டு வெறும் பையைக் கொண்டுவரலாம். எடையைச் சுமந்து செல்வது அறியாமை. பயிலும் இடமெல்லாம் மண் இருக்கின்றது.

காற்றுத் துப்பாக்கிக்குத் தாங்கியோடு குண்டு பிடிக்கும் பெட்டியும் வேண்டும். போட்டிக்குரிய காற்றுத் துப்பாக்கியின் குண்டு அரைக் கிராம் எடையுள்ள ஈயம். அது நொடிக்கு ஏறக்குறைய 175 மீட்டர் வேகத்திற் செல்வது. அதன் ஆற்றல் எட்டு ஜூல் அளவினது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழாய் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. உரிமம் வேண்டாமையால் அபாயமும் இல்லை என்று கொள்ளற்க. கண்ணிற் பட்டால் அக்கண் போயிற்று. ஓரடிச் சதுர வாயுள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று செய்து, அதனுள் 2 மி.மீ. இரும்புத் தகட்டை மேல் விளிம்பு சுடுபவர் பக்கமாகச் சாயும்படி 45 பாகையிற் பொருத்துக. குண்டு தகட்டிற் பட்டுத் தட்டையாகிக் கீழே விழும். அடியிற் பழந்துணி மெத்தென்று கிடந்தால் தெறிக்காது. வாயை இலக்கு ஒட்டிய அட்டையே மூடிக்கொள்ளும். இப்பெட்டி கனமாதலின் இதனை மேசைமேலேயே வைக்க. பெட்டியைத் தப்பிய குண்டுக்காக, பின்னே ஒரு பழைய பவானி ஜமுக்காளத்தை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுக. இறுக்கிக் கட்டலாகாது. தளர்ந்து தொங்குந் துணியே குண்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். இறுக்கிய துணி கிழியும்.

பெட்டியிற் சேரும் ஈயத்தைப் பற்றி ஒரு சொல். ஈயம் நஞ்சு. தட்டையான குண்டுகளை வெறுங்கையால் அள்ளுவதும், அள்ளிய கையோடு முறுக்குத் தின்பதும் மாணாக்கரிடம் காணப்படும் வழக்கங்களே. பயிலும் இடத்திலே எதனையும் உண்ணலாகாது. முடிந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுக. தரையைத் துடைப்பத்தாற் பெருக்கித் தூசி எழுப்பாமல் ஈரத்துணியால் துடைக்க. சேர்ந்த ஈயத்தை ஒரு டப்பாவில் மூடி வைத்துப் பழைய உலோகம் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

இதுகாறும் கூறியது எளிது. இனிக் கூறுவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. நம் தாங்கி இலேசானது, எங்கும் தூக்கிச் செல்லத்தக்கது. அதன் சிறப்பும் அதுவே, அபாயமும் அதுவே. தாங்கியைத் தூக்கிச் செல்லலாம், கரையைத் தூக்கிச் செல்லவியலாது. துரோணர் தம் மாணாக்கரைச் சோதிக்க மரக்கிளையில் ஒரு பொய்ப் பறவையை வைத்தார் என்பது பாரதக் கதை. அதனினும் எளிய இலக்குத் தாங்கி வேறில்லை. ஆனால் அம்பு விழும் இடம் வேறு, துப்பாக்கிக் குண்டு விழும் இடம் வேறு. சிறியது என்று நாம் எண்ணும் 0.22 ரைபிளின் குண்டு தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கு அப்பாலும் விழ வல்லது. நம் பக்கத்தில் ஒரு மைல் என்பது வெற்றிடம் அன்று. ஒரு தென்னந்தோப்பு, ஒரு மாந்தோப்பு, இரண்டு ஒற்றையடிப் பாதைகள், ஆடு மேய்க்கும் பிள்ளைகள் நால்வர் அதற்குள் அடங்குவர்.

ஆகையால் ரைபிளுக்கு அதிகாரிகள் ஒப்புதல் பெற்ற சுடுதளத்தையன்றி வேறிடம் இல்லை. இதனை நாம் எழுதவேண்டுவதே இல்லை எனினும், கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தோற்றம் இரண்டு தவறான எண்ணங்களை எளிதில் உண்டாக்குவதால் எழுதுகின்றோம். ஒன்று, பாறை. எப்பக்கம் திரும்பினும் கருங்கற் குன்றுகள் நிற்கின்றன. இவ்வளவு பெரிய பாறை குண்டைத் தடுக்காதா என்று தோன்றும். தடுக்கும். தடுத்துத் திருப்பி அனுப்பும். ஈயக் குண்டு கருங்கல்லிற் பட்டுச் சிதறினால் அதன் துணுக்குகள் சுட்டவரையே நாடி வரக்கூடும். சாய்வாகப் பட்டால் முழுக் குண்டே வேறு திசையிற் பறக்கும். பாறையினும் வெறும் மண் மேடு நூறு மடங்கு நன்று. மற்றொன்று, ஏரிக்கரை. மண்ணாலாயது, உயரமானது, நீண்டது. ஆனால் அதன்மேல் மக்களும் மாடுகளும் நடக்கும் வழி உண்டு. சுடுபவர் கண்ணுக்கு மறுபுறம் ஏறி வருபவர் தலை தோன்றும்பொழுது குண்டு புறப்பட்டிருக்கும். அன்றியும், ஊர் வாழ்வதற்காக முன்னோர் கட்டிய கரையைத் துளைப்பது தகாது. கரை என்பது அதற்கென்றே எழுப்பியதாய், முகப்பில் கல் பொறுக்கிச் சலித்த மண் போர்த்தியதாய் இருத்தல் வேண்டும். நம் மண்ணில் சரளைக்கல் மிகுதியாதலின் மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் மேலே வெளிப்படுங் கற்களைப் பொறுக்கியாக வேண்டும்.

நல்ல கரை இருந்தும் தாங்கியைத் தவறாக நட்டால் பயனில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். பத்தடி, அதாவது மூன்று மீட்டர், உயரக் கரை ஒன்று உளது. மாணாக்கன் படுத்துச் சுடுகின்றான். துப்பாக்கி வாய் தரைக்கு 30 செ.மீ. மேலே இருக்கின்றது. இலக்கு 25 மீட்டர் தொலைவில், நெட்டைக் கழியில் 1.40 மீட்டர் உயரத்தில் நிற்கின்றது. கரை அதற்குப் பத்து மீட்டர் பின்னே உளது. அவன் கை தவறி இலக்கிற்கு ஒரு மீட்டர் மேலே சுட்டான் என்க. அக்குண்டு கரையை அடையும்பொழுது 3.24 மீட்டர் உயரத்திற் செல்லும். கரையைத் தாண்டிற்று. இனி அதே மாணாக்கன், அதே பிழை. ஆனால் குட்டைக் கழியில் 0.75 மீட்டர் உயரத்தில் இலக்கு, அதற்கு இரண்டு மீட்டர் பின்னே கரை. குண்டு 1.87 மீட்டர் உயரத்தில் மண்ணிற் புதையும். கழியின் நீளமும் தாங்கி நிற்கும் இடமுமே வேறுபாடு. படுத்துச் சுடுவார்க்கு நெட்டைக் கழியை ஒருபொழுதும் தராதிருக்கும்பொருட்டு, நெட்டைக் கழிகளின் தலையில் சிவப்பு வண்ணம் பூசிவைத்தல் நன்று. தூரத்திலிருந்தே ஆசிரியர் கண்ணிற் படும். கரை முன்னே தாங்கி நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இட்டு, அக்கோட்டிற்கு இப்பால் எவரும் தாங்கியைக் கொண்டுவரக்கூடாதென்று விதித்துவிடலாம்.

தாங்கிகளை ஆறு ஆறாகச் செய்வது உத்தமம். ஒன்று செய்யும்பொழுது அளவு எடுப்பதற்கே பாதி நேரம் போகும். ஆறு செய்தால் ஒரு முறை அளந்த கட்டையை வைத்தே மற்றவற்றை அறுக்கலாம். தச்சு வேலை அறிந்த பெரியவர் ஒருவரை ஒரு நாள் மேற்பார்க்க அழைத்துக்கொண்டு மாணாக்கரே அறுத்து அறைவராயின், அடுத்த ஆண்டு வருவோர்க்கு அவர்களே கற்பிப்பர். விஞ்ஞான வகுப்பார் காற்றின் கணக்கையும், கணித வகுப்பார் இலக்கின் அளவையும் சரிபார்க்கட்டும்.

மழைக்காலம் வந்தால் பாதக் கட்டைகளைத் தரையிற் கிடத்தாமல் கயிற்றிற் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுக. இப்பக்கத்துச் செம்மண்ணில் கறையான் ஒரே வாரத்தில் ஒரு கட்டையின் உள்ளீட்டைத் தின்று, வெளித்தோலை மட்டும் நமக்கு விட்டுவைக்கும். விங் நட்டுகளுக்குச் சிறிது எண்ணெய் தடவி ஒரு சிறு பையில் முடிந்து, அந்தந்தத் தாங்கியின் குறுக்குச் சட்டத்திலேயே கட்டிவைத்தால், அடுத்த பருவத்தில் அவற்றைத் தேடி விடுதி முழுவதும் அலைய வேண்டியதில்லை.